கழியர் என்னும் இனம் பிறந்த கதை

நண்பர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுக்காக ஒரு புதிய உயிரினத்தை உருவாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, சிறகு, கொம்பு, நெருப்பு என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஆடத் தொடங்கிய அன்றே அது எவராலும் வெல்ல முடியாத, ஆகவே எவருக்கும் சுவைக்காத பிராணியாகிவிட்டது. 1974இல் வெளியான, இதே வகையைச் சேர்ந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை உருவாக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்தே இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியைப் படைத்தார். அதனிடம் வீரர்கள் அஞ்சுவது உயிருக்காக அன்று, கவசத்துக்காக என்பதே என்னை மிகவும் கவர்ந்தது.

ஆகவே இரண்டாம் முறை ஒரு குறையிலிருந்து தொடங்கினேன். அலையாத்திக் காட்டுச் சேற்றில் தாவித் திரியும் மீன்கள், செவுள் அறையில் நீரைத் தேக்கிக்கொண்டு, தோல் ஈரமாக இருக்கும்வரை கரையிலும் சுவாசிக்கின்றன. அவற்றைப் போலவே என் கழியரும் தோல் உலர்ந்தால் மூச்சுத் திணறுவர். எனவே விருந்தினர் மீது நீர் தெளிப்பதே அவர்களிடையே மரியாதை, வெயிலில் நிற்கவைப்பதே பெருந்தண்டனை. பகைவரையும் நனைத்த பின்னரே வாளெடுப்பர் (இது என் தம்பியின் சேர்க்கை, எனக்குச் சற்றுப் பொறாமைதான்). அவர்களுடைய தெய்வங்களையும் மணமுறையையும் மற்றவர்கள் நிரப்பட்டும் என்று வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். முதல் ஆட்டத்திலேயே ஒருவர், பாலைவனத்தைக் கடக்கும் கழியராகத்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்தார். அவருக்காக நீர்க்குடம் சுமக்கும் ஒட்டகம் ஒன்றை அவசரமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.