கொரில்லாவுக்கு முன் ஒரு தும்மல்

உகாண்டா போய்வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கொரில்லாவுக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கப் பயமாக இல்லையா?" பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் நான் பயந்ததெல்லாம் என் வீட்டுக்காரரின் மூக்கை நினைத்துத்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று பர்மிட், ஊசி, டாலர் என்று நாங்கள் முட்டி மோதியதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

போனது 2024 பிப்ரவரியில். எனக்கு வயது 52, அவருக்கு 57. மலைக் கொரில்லா உலகத்தில் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர் ஒன்று. உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் பிவிண்டி காடு இன்னொன்று. இரண்டிலும் சேர்த்துக் கடைசியாக எண்ணியபோது 1,063. எந்த மிருகக்காட்சி சாலையிலும் ஒன்றுகூடக் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் மலை ஏறித்தான் ஆக வேண்டும். ருவாண்டாவில் ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்கும் பர்மிட்டுக்கு ஆளுக்கு 1,500 டாலர். உகாண்டாவில் நாங்கள் போனபோது 700 (அந்த ஜூலையிலேயே 800 ஆக்கிவிட்டார்கள்). ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் நான். எந்த நாடு என்று முடிவு செய்ய அரை நிமிடம் போதுமாக இருந்தது.

நாங்கள் செய்த முதல் தப்பு, விமான டிக்கெட்டை முதலில் எடுத்தது. மனிதர்களுக்குப் பழக்கிய ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம் மட்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு என்பதால் உலகமே அப்போதுதான் அங்கே கிளம்புகிறது. எங்கள் தேதிகளுக்கு பிவிண்டியின் வடக்கு வாசலான புஹோமாவில் ஒரே ஒரு நாளில்தான் இரண்டு இடம் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்து, மற்ற பயணத்தையெல்லாம் அதைச் சுற்றி மடக்கிப் போட வேண்டியதாயிற்று. பர்மிட்டை முதலில் வாங்குங்கள், டிக்கெட் அப்புறம்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவோ அப்பா பெயரோடோ இருக்கும். இ-விசா படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகர விடாது. இன்ஷியலை விரித்து எழுதினோம். விசா வந்துவிட்டது, 50 டாலர்தான். ஆனால் பர்மிட்டில் என் வீட்டுக்காரருக்குப் பதிலாக என் மாமனார் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் காலமானவர் பெயரில் கொரில்லா பார்க்க அனுமதி!

மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலும் தனிமைப்படுத்தி வைப்பார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த ஊசி கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி ரயிலேறி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனோம். முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். ஊசி போட்டு அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். பாஸ்போர்ட் எண் எழுதிய சின்ன மஞ்சள் புத்தகம் ஒன்று கையில் வந்தது. போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும், ஆகவே கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஆனால் ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும்.

டாலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் நோட்டு மாற்றிய கடையில் கொடுத்த நோட்டுக் கட்டுக்குள் ஒன்று 2006-இல் அச்சான நூறு டாலர். அங்கே பழைய நோட்டை யாரும் தொடமாட்டார்கள். வருடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பித் தருகிறார்கள். அந்த நூறு டாலர் ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களோடேயே கோயம்புத்தூர் வந்தது. துணிமணியில், ராணுவப் பச்சைப் புள்ளி போட்டது எதுவும் வேண்டாம். சாதாரண ஆட்கள் அதை உடுத்துவது அங்கே குற்றம். அடர் நீலமும் கறுப்பும் ட்செட்சி ஈக்களை இழுக்கும் என்பார்கள். கடைசியில் இரண்டு பேரும் காக்கியில் போய் இறங்கினோம், ரிட்டயரான போலீஸ்காரர்கள் மாதிரி.

எண்டெப்பேயில் இறங்கி, மறுநாள் விடியற்காலையில் காரில் மேற்கே கிளம்பினோம். ஓட்டுநரே வழிகாட்டியும். அவர் என்னை 'ன்யாபோ' என்றுதான் கூப்பிட்டார். லுகாண்டா மொழியில் அம்மா என்று மரியாதையாகச் சொல்வது. வழியில் ரோலெக்ஸ் வாங்கிக் கொடுத்தார். கடிகாரம் என்று நினைக்க வேண்டாம். சப்பாத்திக்குள் ஆம்லெட்டைச் சுருட்டித் தருவதுதான் அங்கே ரோலெக்ஸ். சப்பாத்தி அந்த ஊருக்கு நம் நாட்டுக்காரர்கள் கொண்டுபோனது. 1972-இல் அப்போதைய அதிபர் இடி அமீன் அவர்களைத் தொண்ணூறு நாளில் துரத்திவிட்டார். சப்பாத்தி மட்டும் தங்கிவிட்டது.

குயின் எலிசபெத் தேசியப் பூங்காவில் இரண்டு நாள். ஜார்ஜ் ஏரியையும் எட்வர்ட் ஏரியையும் இணைக்கும் கசிங்கா கால்வாயில் படகில் போனோம். கரையெல்லாம் நீர்யானை, நடுநடுவே எருமை. யானைக் குட்டி ஒன்று சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி விழுந்ததை இருபது நிமிடம் பார்த்திருப்பேன். சபாரி என்றால் சிங்கம் என்று வருகிறவர்களுக்குப் பூங்காவின் தெற்கு மூலையிலுள்ள இஷாஷா இருக்கிறது. அங்கே சிங்கங்கள் அத்திமரம் ஏறிப் படுத்துக்கொள்ளும். நாங்கள் பார்த்தபோது ஒரு கிளையில் இரண்டு, நான்கு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு, கொடியில் காயப்போட்ட போர்வைபோலக் கிடந்தன.

அந்த மரத்தடியில்தான் என் வீட்டுக்காரர் முதல் தும்மல் போட்டார்.

"தூசி" என்றார். செம்மண் சாலை, திறந்த கூரை, தூசியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் பிவிண்டிக்கு ஏறும் வழியில் தும்மல் ஏழெட்டு ஆயிற்று. குரல் கம்மியது. ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

சளி இருக்கிறவர்களைக் கொரில்லாவிடம் விடமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பர்மிட் விதியிலேயே இருக்கிறது. ராத்திரி லாட்ஜில் நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைக்க வெந்நீர் வாங்கி வந்தேன். கூடவே, "காலையில் ஒரு மாத்திரை போட்டுக்குங்க. மாஸ்க் போட்டுத்தானே விடறாங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன். எழுநூறு டாலர், நம் பணத்தில் கிட்டத்தட்ட ஐம்பத்தெட்டாயிரம். கணக்கு டீச்சருக்கு அதுதான் கண்ணில் நின்றது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் ஓட்டுநரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார், "சளி அதுங்களை அவ்வளவு பாதிக்குமா?" ஓட்டுநர் ஒரு பழைய கதையைச் சொன்னார். 1996-இல் இதே காட்டில் ஒரு குடும்பத்துக்குச் சொறி வந்து முடி கொட்டியது, ஒரு குட்டி செத்துப்போனது. காட்டோரத் தோட்டங்களில் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்ட மனிதர்களின் அழுக்குத் துணியிலிருந்து தொற்றியிருக்கும் என்று நம்புகிறார்கள். அதைப் பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, சுற்றுப்புற கிராமத்து மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்காமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்று தனி அமைப்பே ஆரம்பித்தார். நமக்கு வரும் சளி கொரில்லாவுக்கு நிமோனியா வரை போகும் என்று முடித்துவிட்டு, ஓட்டுநர் வாழைக்காய் மசியலைச் சாப்பிட ஆரம்பித்தார். எங்களைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

காலை ஏழரைக்குப் புஹோமா வாசலில் எல்லோரும் கூடினோம். ரேஞ்சர் பட்டியலைப் படித்தார். என் மாமனார் பெயரைக் கூப்பிட்டதும் இவர் எழுந்து போனார். எனக்கு மூன்று பேர் தள்ளிக் கேட்டது, "எனக்குச் சளி பிடித்திருக்கிறது. நான் வரவில்லை." ரேஞ்சர் எழுந்து நின்று நன்றி சொன்னார். தானாக முன்வந்து சொன்னால் பாதிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இவர் கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, "நீ போய்ட்டு வாம்மா" என்றார். ராத்திரியே முடிவு பண்ணியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. கோபமும் வந்தது, என்னமோ மாதிரியும் இருந்தது. பேச நேரமில்லை.

ஏழு பேராகக் கிளம்பினோம். ஆளுக்கொரு கைத்தடி. சுமைக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், இருபது டாலர். என் ஒரு சின்னப் பையைத் தூக்க இன்னொருவரா என்று கூச்சப்பட்டேன். கால் மணி நேரத்தில் கூச்சம் போய்விட்டது. அந்தப் பையன் பையைத் தூக்கியது கொஞ்சம்தான்; பெரும்பாலும் என்னைத் தூக்கினான். தயவுசெய்து ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஊர்க்காரர்களுக்கும் காட்டிலிருந்து நேராகக் கைக்கு வரும் காசு அது.

முதலில் தேயிலைத் தோட்டம். வால்பாறை ஞாபகம் வந்தது. தேயிலையைக் கொரில்லா தின்னாது, அதனால் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே வேலியாக வைத்திருக்கிறார்கள். அப்புறம் காடு. பாதை என்று எதுவும் இல்லை. முன்னால் போகிறவர் பாங்கா என்ற வெட்டுக்கத்தியால் கொடியை வெட்ட வெட்ட, நாம் அந்தக் கொடிமேலேயே நடக்க வேண்டும். கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகச் சொன்னது எறும்புக்காக. தோட்ட வேலைக் கையுறை போடச் சொன்னது செந்தட்டிக்காக. இரண்டும் வேலை செய்தன. காட்டு யானை வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட, ரேஞ்சர் கையில் துப்பாக்கி. மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் அந்தப் பையன் "ம்போலா ம்போலா" என்றான். மெல்ல, மெல்ல.

நிற்கும்போது ரேஞ்சரிடம் ஒன்று கேட்டேன். இந்தக் காட்டிலேயே வாழ்ந்த பட்வா மக்கள் இப்போது எங்கே? 1991-இல் தேசியப் பூங்கா ஆனபோது வெளியே அனுப்பிவிட்டார்கள், இப்போது ஓரத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள் என்றார். காலையில் வாசலில் ஆடிப் பாடிக் காசு வாங்கியவர்களைக் காட்டி, "அவர்களில் சிலர்" என்றார். ஒரு மணி நேரத்துக்கு 700 டாலர் கொடுத்த எனக்கு அந்தப் பதில் இன்னும் செரிக்கவில்லை.

இரண்டரை மணி நேரம் நடந்தபின் வாக்கி டாக்கி கரகரத்தது. விடியற்காலையிலேயே போய், கொரில்லாக்கள் முந்தின ராத்திரி தூங்கிய இலைப்படுக்கையிலிருந்து தடம் பிடித்துப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பை, தடி, தண்ணீர் எல்லாம் கீழே. மாஸ்க் மேலே. முபாரே குடும்பம், 1993-இல் உகாண்டாவில் முதன்முதலாக மனிதர்கள் பார்க்கத் திறந்துவிட்ட குடும்பம் இதுதான் என்றார் ரேஞ்சர்.

முதலில் வந்தது வாடை. வியர்வையும் ஈரப் புல்லும் புளித்த மாதிரி. அப்புறம் செடி முறியும் சத்தம். முன்னால் போனவர் தொண்டையைச் செருமுவதுபோல "ம்ம்ம்ஹ்ம்" என்றார், 'நாங்கள்தான், ஒன்றும் செய்யமாட்டோம்' என்று அவர்கள் பாஷையில். உள்ளேயிருந்தும் அதே "ம்ம்ம்ஹ்ம்" வந்தது. இலையை விலக்கியதும் ஒரு முதுகு. முதுகென்றால், நம் வீட்டு பீரோ அகலத்துக்கு, வெள்ளி பாய்ந்து. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்டை உரித்து, நாரைத் துப்பிவிட்டு உள்ளே இருப்பதைத் தின்றுகொண்டிருந்தது, நாம் கரும்பு தின்பது போலவே. நடுவில் நீளமாகக் காற்று விட்டது. ஏழு பேரும் மாஸ்க்குக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்கினோம்.

மொத்தம் ஆறைப் பார்த்தேன். பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது நமக்குத்தான் விதி, அதுகளுக்கு இல்லை. குட்டி ஒன்று கொடியில் தொங்கிக்கொண்டு, தலைகீழாக எங்களை எண்ணுவதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தது. நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பிடி நழுவித் தாய் மேலேயே விழுந்தது. தாய் ஒரு கையால் அதை இழுத்துத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டது. அந்தக் கையில் நகம், ரேகை எல்லாம் தெரிந்தது. என்னிடமிருந்து ஐந்தாறு அடிதான் இருக்கும். பின்னால் நகர இடமில்லை. மாஸ்க்குக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நேற்று ராத்திரி நான் சொன்ன மாத்திரை நினைவுக்கு வந்தது.

ஒரு மணி நேரம் முடிந்தது என்று ரேஞ்சர் கையைக் காட்டியபோது, பத்து நிமிடம்தான் ஆயிற்று என்று சத்தியம் பண்ணியிருப்பேன். இறங்குவது ஏறியதைவிட மோசம். முழங்கால் இன்றைக்கும் சொல்கிறது.

லாட்ஜ் திண்ணையில் அவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மூக்கு சிவந்து. கேமராவில் நாற்பது படம். பாதி வெறும் இலை. ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். குட்டி விழுந்த கதையை மூன்று தடவை சொல்லச் சொன்னார். காற்று விட்டதை நான்கு தடவை.

பாதிப் பணம் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதை அவர் வீட்டுச் செலவில் சேர்க்கவில்லை; தனியாகப் போட்டு வைத்திருக்கிறார். மஞ்சள் புத்தகம் இரண்டையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் பூட்டியிருக்கிறார். "ஆயுசுக்கும் செல்லும்னு சொன்னாங்கல்ல?" என்று போன வாரம்கூட ஒருமுறை கேட்டார்.