தபாலில் கேட்ட கேள்வி

ஒருபாலினத் திருமணத்தை ஆதரிப்பவள் நான். அதைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று மக்களைக் கேட்ட 2017 ஆஸ்திரேலியத் தபால் கணக்கெடுப்பில் 61.6 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கேட்ட விதத்தில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று 2004-இல் நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிச் சேர்த்தது. அப்போது யார் வீட்டுக்கும் படிவம் போகவில்லை. அதை நீக்க மட்டும் ஊரைக் கேட்க வேண்டுமாம்!

முறையான பொது வாக்கெடுப்புக்கான மசோதாவை 2016-இல் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் நிராகரித்தது. அடுத்த ஆண்டு அரசு சுற்றுவழியில் போய், தபாலில் கருத்துக் கேட்கும் வேலையைப் புள்ளிவிவரத் துறையிடம் ஒப்படைத்தது. 12.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதை எதிர்த்துப் போட்ட வழக்குகளும் தோற்றன. வழக்கமான தேர்தல் இல்லை என்பதால் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளும் தாமாகப் பொருந்தவில்லை; இழிவுப் பேச்சைத் தடுக்க, படிவங்கள் தபாலில் போகத் தொடங்கிய பிறகுதான் அவசரமாகத் தற்காலிகச் சட்டம் வந்தது. தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக உள்ள நாட்டில், இதில் பதில் சொல்வது அவரவர் விருப்பம். அப்படியும் 79.5 சதவீதம் பேர் பதில் அனுப்பினார்கள்.

படிவத்தில் ஒரே கேள்வி, இரண்டு கட்டங்கள், ஒரு பார்கோடு. ஒரு பார்கோடுக்கு ஒரு பதில்தான் கணக்கில் சேர்ந்தது. தொலைந்தால் அக்டோபர் 20-க்குள் மாற்றுப் படிவம் கேட்கலாம் என்றார்கள். பதில் நவம்பர் 7-க்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது. உறைக்குள் ஜிகினா போடாதீர்கள் என்று துறையே கெஞ்ச வேண்டியிருந்தது. என்ன பதில் என்று தெளிவில்லாமல் வந்தவை 36,686.

150 தொகுதிகளில் 17-இல் ‘இல்லை’ வென்றது. அவற்றில் 12, புலம்பெயர்ந்தவர்கள் அதிகம் வாழும் மேற்கு சிட்னியில். அங்குள்ள பிளாக்ஸ்லாந்து தொகுதியில் 73.9 சதவீதம் ‘இல்லை’. புலம்பெயர்ந்தவர்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். அதே தொகுதியில் நூற்றுக்கு இருபத்தாறு பேர் ‘ஆம்’ என்றார்களே, அவர்களை யார் நினைத்துப் பார்த்தார்கள்? அக்கம்பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் தன் கல்யாணத்தை ஏற்கவில்லை என்பதை, தொகுதிவாரியாக அச்சிட்டுக் கொடுத்த கணக்கு அது.

இத்தனைக்கும் அந்த முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. நாடாளுமன்றம் தனியாக வாக்களித்தே சட்டம் ஆனது. டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. திருமணத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்பு தேவை என்பதால், விலக்கு கிடைத்த சிலரைத் தவிர மற்ற ஜோடிகள் 2018 ஜனவரி 9 வரை காத்திருந்தார்கள்.