வரவேண்டிய பாக்கி

ராமநாதபுரம் மாவட்டத்தில், நெல்லையும் முண்டு மிளகாயையும் நம்பி வாழும் கிராமங்களுக்கு நடுவே இருந்த ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே எத்தனையோ வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். தொழில் தெரிந்தவர் யார் என்று கேட்டால், தலையில் ஓலைப்பெட்டியோடு ஊர் ஊராகக் கருவாடு விற்ற ஒரு அம்மாவைத்தான் முதலில் சொல்வேன். பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான்.

பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே கணவர் போய்விட்டார். நான் பழகிய காலத்தில் மூத்த மகன் வளைகுடாவில், இளையவர் ஊரில் கொத்தனார் வேலையில். இரண்டு மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே வீட்டில். அந்த வீட்டில் அப்பத்தா சொல்வதுதான் முடிவு. ஆனால் அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சுருக்குப்பையை அவிழ்த்துத் தரையில் கொட்டுவார். சரக்குக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் செலவுக்கு இவ்வளவு, குழுச் சேமிப்புக்கு இவ்வளவு என்று மருமகள்கள் எதிரிலேயே பிரிப்பார். மூத்த மருமகளின் சங்கிலியை எங்களிடம் அடகு வைக்க வரும்போதும் அந்தப் பெண்ணைக் கூடவே அழைத்து வந்துவிடுவார். "நகை அவளுது தம்பி. ரசீது அவ பேருலயே இருக்கட்டும்" என்பார்.

நகையைப் பெரும்பாலும் மார்ச் கடைசியில் கொண்டுவருவார். ஏன் அந்த நேரம் என்று ஒருமுறை கேட்டேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்னால் அது 45 நாளாக இருந்தது, பிறகு 61 நாளானது. பச்சை மீன் வரத்துக் குறைந்தால் கருவாட்டுக்குக் கிராக்கி ஏறும். அதே நேரத்தில்தான் மிளகாய்ப்பழம் பறிக்கிற கூலியும் பெண்கள் கையில் புழங்கும். தடைக்கு முன்பே சரக்கைச் சேர்த்துவிட்டால் ரெண்டு மாதம் நிம்மதியாக விற்கலாம். நகைக்கடன் வட்டி போனாலும் மிஞ்சும். இதையெல்லாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபம், பாம்பன் பக்கம் போய்ச் சரக்கு எடுப்பார். ஒருமுறை வேறு வேலையாகப் போன இடத்தில் அவர் கொள்முதல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாளைக் கருவாட்டை எடுத்து நடுமுள்ளை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு வளைத்தார். துவண்டது. "தண்ணிக்கும் சேத்துக் காசு கேக்குறியேப்பா" என்று கீழே வைத்துவிட்டார். ஈரம் இருந்தால் எடை கூடும், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருநாள் காயப்போட்டால் அந்த எடை போய்விடும் என்பது கணக்கு. அடுத்து நெத்திலியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். மணல் உதிர்ந்தது. வெறும் மணலில் காயவைத்த சரக்குக்கு அவர் சொன்ன விலை வேறு, வலையை விரித்துக் காயவைத்ததற்குச் சொன்ன விலை வேறு. மொத்த வியாபாரி மறுபேச்சுப் பேசவில்லை.

விற்பது மட்டும் எடையில் இல்லை. கூறு போட்டுத்தான் விற்பார். பிள்ளைக்குட்டி அதிகமுள்ள வீட்டில் கூறு தானாகப் பெருக்கும். பாதிக்கு மேல் கடன்தான். கூலி வாங்கும் நாளில் சிலர், மிளகாய் விற்றதும் சிலர், நெல் அறுவடைக்குப் பிறகு மரக்கால் கணக்கில் நெல்லாகவே சிலர் என்று திருப்பிக் கொடுப்பார்கள். வட்டி கிடையாது. எழுதி வைப்பதும் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. யாருக்கு எவ்வளவு வரை கடன் தரலாம், யாரிடம் எப்போது கேட்க வேண்டும், யாரிடம் இந்த வருடம் கேட்கவே கூடாது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நாங்கள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து படித்த கடன் மதிப்பீட்டை அவர் தெருவில் நின்றபடி தினமும் செய்துகொண்டிருந்தார்.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானதும் எங்கள் கிளை முன்னால் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. பல நாள் மதியத்துக்குள் பணம் தீர்ந்துவிடும். ஊர்களில் கூலி கொடுக்கவே நோட்டு இல்லை. மழைக்காலம் வேறு. கருவாடு நமத்துப்போகும், புதுச் சரக்கும் சரியாகக் காயாது. அப்பத்தா அந்த வாரங்களிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். முழுக்க முழுக்கக் கடனுக்கே கொடுத்தார். அவரை நம்பி மொத்த வியாபாரி சரக்கு கொடுத்தார், அவர் தெருக்களை நம்பிக் கொடுத்தார். நாங்கள் ஷட்டரை இறக்கிய பிறகும் அந்த ஊர்களில் சாயங்காலக் குழம்பு கொதித்ததற்கு இந்த நம்பிக்கைச் சங்கிலியும் ஒரு காரணம். தைக்குப் பிறகு பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்ததாகச் சொன்னார். வராதது எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு நம்முடைய திட்டங்களில் இடம் குறைவு என்பது எனக்கு இன்றும் வருத்தம். 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டமும், அந்த வியாபாரிகளுக்காக 2020-இல் வந்த பி.எம். ஸ்வநிதி கடனும் நகரத்துத் தெருக்களை மனதில் வைத்து வந்தவை. கிராமம் கிராமமாக நடந்து விற்பவர் அவற்றுக்குள் எளிதில் வருவதில்லை. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள்தான் அப்பத்தா போன்றவர்களுக்கு வங்கி வாசலைத் திறந்துவிட்டன. குழுவில் அவர் தலைவியாக இருந்ததில்லை, ஆனால் தவணை கட்டாதவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "கட்டலங்கிறது இருக்கட்டும், அவ வீட்ல என்னன்னு போயிப் பாத்தீகளா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

2015-இல் சிறுதொழில்களுக்கான முத்ரா திட்டத்தில் சிசு என்ற சின்னக் கடன் வந்தது. ஈடு வேண்டாம், 50,000 ரூபாய் வரை. அவருக்கு விண்ணப்பம் எழுதும்போது சரக்கு இருப்பை எழுதினேன், கையிருப்பை எழுதினேன். ஊர்ப் பாக்கியைத்தான் காட்ட வழியில்லை. அவருடைய முதலீட்டில் பெரும்பகுதி அங்கேதான் கிடந்தது. அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

முழங்கால் வலி அதிகமான பிறகு தொழிலை இளைய மருமகளிடம் ஒப்படைத்தார். ஒப்படைப்பது என்றால் சும்மா இல்லை. வீடு வீடாகக் கூட்டிப்போய், "இனிமே இவதான் வருவா" என்று சொல்லி, அங்கேயே பாக்கியையும் ஒத்துக்கொள்ள வைத்தார். பத்தாவது வரை படித்த அந்தப் பெண் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். இப்போது டிவிஎஸ் எக்ஸெல்லில் போய் விற்கிறார்.

அந்த மருமகள் தன் பெயரில் கடன் கேட்டு வந்தபோது அந்த நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஊர்வாரியாக, வீட்டுவாரியாக, தேதி போட்டு இருந்தது. உட்கார்ந்து கூட்டி, விண்ணப்பத்தில் வரவேண்டிய பாக்கி என்று தனியாக ஒரு வரி சேர்த்து, தொகையை எழுதி, நோட்டின் நகலையும் இணைத்து மேலாளரிடம் அனுப்பினேன். அவர் ஒன்றிரண்டு பக்கம் புரட்டிவிட்டு, எந்தெந்த வீடுகள் நெல்லாகக் கொடுக்கும் என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா நோட்டைப் பார்க்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.