வெளுத்ததெல்லாம் ஓடல்ல

இறுதியாண்டு ஆய்வறிக்கையைப் போன கிழமைதான் கையளித்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. பாதிக் கோபம் என்மேலேயே. மதுவ (ஈஸ்ட்) கலங்களுக்கு ஸிஃப்-8 ஓடு, அதாவது உலோகமும் சேதன மூலக்கூறும் பின்னிய நுண்துளைச் சட்டகத்தால் ஓடு, போடலாம் என்று இறங்குகிற தம்பி தங்கச்சிமாருக்காவது இது உதவட்டும்.

கேட்க மிகச் சுலபமான வேலை. கழுவிய கலங்களோடு 2-மெதயில் இமிடசோல் கரைசல், பிறகு நாக (துத்தநாக) உப்பு. தண்ணீரிலேயே, அறை வெப்பநிலையிலேயே ஓடு படியும். 2016இல் காங் லியாங்கும் கூட்டாளிகளும் மதுவத்தில் இதைச் செய்து காட்டினார்கள். ஓட்டுக்குள் இருக்கும் கலம் மொட்டு விடாமல் உறங்கும், கலச்சுவரை அரிக்கும் நொதியத்தால் அதைத் தொட முடியாது, ஓட்டைக் கரைத்துவிட்டால் மறுபடி பெருகும். எனக்கு அந்த உறக்கம்தான் பிடித்துப்போனது.

முதல் இடி இமிடசோல் வாங்கப் போனபோது விழுந்தது. கொழும்பில் ஒரு விற்பனை நிலையத்தில்தான் இருந்தது. துறைத் தலைவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். வாங்கிக்கொண்டு மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியப் போய், கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். அங்கிருந்த லிகிதர் கடிதத்தை ஒரு தடவை புரட்டினார். "சீல் இல்லையே மிஸ்."

கையெழுத்து இருக்கிறது, தொலைபேசி எண் இருக்கிறது, எடுத்துக் கேளுங்கள் என்றேன். அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லையாம். இந்தச் சட்டகங்களுக்குத்தான் 2025இல் இரசாயன நோபல் கிடைத்தது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அன்றிரவே திரும்பி, அடுத்த நாள் சீல் அடித்து, கடிதத்தைக் கூரியரில் அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் போத்தல் வந்து சேர்ந்தது. கூரியரிலேயே முடிகிற வேலைக்கா இரண்டு இரவு பஸ்ஸில் முதுகு நோக உட்கார்ந்திருந்தேன்! கடிதத்தில் கையெழுத்து, திகதி, சீல் மூன்றையும் பார்க்காமல் துறை வாசலைத் தாண்டாதீர்கள்.

மதுவத்துக்கு அலைச்சல் இல்லை, கல்லடியில் ஒரு கடையில் ஈஸ்ட் பைக்கற். அம்மாதான் விடவில்லை. "அப்பத்துக்குக் கள்ளு இருக்கே, இது என்னத்துக்கு மனே?"

பெரிய இடி என் கையாலேயே விழுந்தது. நாக உப்பை ஊற்றியதும் குழாய் பால்போல் வெளுத்தது. ஆய்வுகூட அண்ணன் எட்டிப் பார்த்து, "வந்துட்டுது போல" என்றார். நானும் நம்பினேன். நுணுக்குக்காட்டியில் வைத்தால் அரிசிக் குருணை சிந்தின மாதிரி ஒரு பக்கம் திட்டுத் திட்டாக வெள்ளை, இன்னொரு பக்கம் மதுவம் வெறும் மேனியாய். விகிதத்தை மாற்றினேன், நேரத்தைக் கூட்டினேன், மெல்லக் கலக்கினேன், வேகமாகக் கலக்கினேன். ஒரு மாதம் இப்படியே போனது, அரைப் போத்தல் இமிடசோலும் போனது.

கடைசியில் சேர் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கலம் போடாத குழாய் எங்க?"

அப்படி ஒன்றை நான் வைக்கவே இல்லை. அன்று பின்னேரம் வைத்தேன். கலமும் இல்லை, இமிடசோலும் இல்லை, நான் கழுவப் பயன்படுத்திய பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலும் (அமிலநிலை மாறாமல் வைப்பது) நாக உப்பும் மட்டும். ஊற்றின கையோடு வெளுத்தது. இவ்வளவு நாளும் நான் ஓடு என்று கொண்டாடியது நாகப் பொஸ்பேற்று!

இரண்டாம் ஆண்டிலிருந்து கலம் என்றால் பொஸ்பேற்றில் கழுவு என்று கை பழகிவிட்டது. நாகத்தைப் பொஸ்பேற்று பிடுங்கிக்கொண்டால் ஓட்டுக்கு என்ன மிஞ்சும்? ஏற்கெனவே படிந்த ஓட்டையும் அது மெல்ல மெல்லத் தின்றுவிடும். வளர்த்த ஊடகத்திலும் பொஸ்பேற்று இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். மையநீக்கியில் சுழற்றி, மேல்நீரை ஊற்றி, பொஸ்பேற்று இல்லாத சாதாரண உப்புக் கரைசலில் மூன்று தடவையாவது கழுவுங்கள். நான் இப்போது ஐந்து தடவை கழுவுகிறேன், பயம்தான். இமிடசோல் தோலை அரிக்கும், கையுறை போடாமல் தொட வேண்டாம்.

சரி, ஓடு வந்தது. கலங்களின் விளிம்பு சொரசொரத்துத் தெரிந்தது. உயிரோடு இருக்கின்றனவா என்று, செத்த கலத்தை மட்டும் நீலமாக்கும் மெதிலீன் நீலச் சாயம் போட்டேன். ஒரு கலமும் நீலமாகவில்லை! துள்ளிக் குதித்து சேரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். ஓட்டின் துளை 0.34 நனோமீற்றர்தான், சாய மூலக்கூறு அதைவிடப் பெரிது. உள்ளே போகாத சாயம் எதைச் சொல்லும்? செத்த கலமும் வெள்ளையாகத்தான் நிற்கும். முதலில் நாகத்தைப் பிடித்திழுக்கும் ஈ.டி.ரீ.ஏ. ஊற்றி ஓட்டைக் கரைக்க வேண்டும், கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் சாயம். நான் ஓட்டைக் கரைத்துக் கழுவிய பிறகு, சாயத்தையே விட்டுவிட்டு, கலங்கள் வளருமா என்று பார்க்க ஏகார் ஊட்டக்கூழ்த் தட்டில் பரப்பினேன்.

அன்றிரவு மின்சாரம் போய், தட்டை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டியும் நின்றுவிட்டது. ஆனால் 30 பாகை என்பது மதுவத்துக்குச் சொர்க்கம், நம்மூர் புழுக்கத்துக்கு அது சர்வசாதாரணம். மூன்றாம் நாள் மூடியைத் தூக்கினால் தட்டு முழுக்கப் பால்நிறப் பொட்டுகள், லேசான அப்பமாவு மணம். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த முறை அவர் "வந்துட்டுது" என்று சொல்லவில்லை. "கலம் போடாத தட்டு எங்க?" என்றார். வைத்திருந்தேன். சுத்தமாக இருந்தது.

மிச்ச இமிடசோல் ஆய்வுகூட அலுமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. அடுத்த பிரிவுப் பிள்ளைகள் அண்ணனிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம். சீல் தேவையில்லை.