உதிரியிலிருந்து வந்த பேலன்ஸ்

பிப்ரவரி 6

கீழே விழுந்து நின்றுபோன, அச்சுகளைத் தாங்க 17 கற்கள் பதித்த கைக்கடிகாரம் ஒன்றை இன்று திறந்தேன். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து உரசியது. லூப்பில் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கியில்) பார்த்தபோது அதன் அச்சின் மேல்முனை ஒடிந்திருந்தது. சுமார் 0.1 மில்லிமீட்டர் கனமே உள்ள முனை அது. அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் இல்லாத பழைய அமைப்பு என்பதால், விழுந்த வேகம் முழுவதையும் அந்த முனையே வாங்கியிருக்கிறது. இதே காலிபரில் (இயந்திர மாதிரியில்), சாவி கொடுக்கும் பக்கம் துருவேறிய மூவ்மெண்ட் (கடிகாரத்தின் உள் இயந்திரம்) ஒன்றை உதிரிக்காக வைத்திருக்கிறேன். அதன் பேலன்ஸ் பழுதில்லாமல் ஆடுகிறது.

பிப்ரவரி 7

உதிரியின் பேலன்ஸை, அதை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கோடு சேர்த்தே எடுப்பதென்று முடிவு செய்தேன். மணிக்கு 18,000 துடிப்பு வரும்படி சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் ஒன்றுக்கொன்று பொருத்தியே தொழிற்சாலையில் இணைத்திருப்பார்கள். சக்கரத்தை மட்டும் எடுத்து வேறு ஸ்பிரிங்கில் மாட்டினால், ஒரே காலிபராக இருந்தாலும் நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் தவறக்கூடும்.

பிப்ரவரி 9

கழுவும் வேலை. சக்கரங்களைத் துடிப்புக்கு ஒரு பல்லாக நகரவிடும் பேலட் ஃபோர்க்கை ஆல்கஹாலில் ஊறவிடவில்லை, ஏனெனில் அதன் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு, அது ஆல்கஹாலில் கரைந்துவிடும். மூன்றாம் சக்கரத்தின் முனையில் பள்ளம் விழுந்திருந்ததால், உதிரியிலிருந்த சக்கரத்தை எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கை மட்டும் உதிரியிலிருந்து எடுக்கவில்லை. அதை அடைத்திருக்கும் பேரலிலிருந்து (உருளைப் பெட்டியிலிருந்து) வெளியே எடுத்ததும் விரிந்து எதிர்ப்பக்கம் வளையாமல், சுருண்டபடியே கிடந்தது. பலம் போய்விட்ட ஸ்பிரிங் அது. எனவே புதியது போட்டேன்.

பிப்ரவரி 11

பூட்டி முடித்து, முழுச்சாவி கொடுத்து துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்தேன். டயல் மேலே இருக்கும்போது வீச்சு (பேலன்ஸ் ஆடும் கோணம்) 268 டிகிரி; டயலைக் கீழே கவிழ்த்ததும் 214-க்கு இறங்கியது. இரண்டு கிடைநிலைகளிலும் வீச்சு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், கோளாறு டயல் பக்கத்து முனையிலோ, அது ஊன்றி நிற்கும் மூடுகல்லிலோதான் என்று தெரிந்தது. முனை வழவழப்பாக, உருண்டையாகவே இருந்தது. கல்லைக் கழற்றி, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பார்த்தபோதுதான் நடுவில் மிகச் சிறிய குழி ஒன்று தெரிந்தது. எத்தனையோ ஆண்டுகள் ஒரே இடத்தில் எஃகு முனை சுழன்று, செயற்கை மாணிக்கத்தையே தேய்த்திருக்கிறது! கழுவிய அன்றே இப்படிச் சாய்த்துப் பார்த்திருக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் அந்தக் குழி தெரிவதில்லை. துருவேறிய மூவ்மெண்டிலிருந்த மூடுகல்லைக் கழற்றிப் பார்த்தேன். அதன் முகம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

பிப்ரவரி 12

கல்லை மாற்றி எண்ணெய் இட்டபின் இரு நிலைகளிலும் வீச்சு 270-ஐ ஒட்டி நிற்கிறது. பீட் எரர் (டிக், டாக் இடைவெளிகளின் வேறுபாடு) மட்டும் 2.6 மில்லி விநாடி இருந்தது. இந்தக் காலிபரில், ஹேர்ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடிக்கும் ஸ்டட்டை நகர்த்த வழியில்லை. பேலன்ஸைக் கழற்றி, மெல்லிய தகட்டால், அதன் உள்முனையைப் பிடிக்கும் காலெட்டை மயிரிழை அளவு திருப்பி, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். நான்காம் முறையில் 0.4-க்கு வந்தது. தேய்ந்த கல்லையும் பள்ளம் விழுந்த சக்கரத்தையும் தனி உறையில் போட்டு, பழுது என்று எழுதி வைத்தேன். நல்ல உதிரிகளோடு அவை கலந்துவிடக் கூடாது.