சுத்தியலும் பென்சில் குறிப்புகளும்

2023 ஜூலை 1, சனி

இன்றிலிருந்து நான் தலைவர். எங்கள் மாநிலக் கல்லூரிகளின் நிதியுதவி அலுவலர்கள் சங்கம் இது. அமெரிக்காவில் மாணவர் உதவி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும்; சங்கத்துக்கும் அதுவே கணக்கு. போன வருஷம் அடுத்த தலைவராகக் கூடவே இருந்து பழகினேன். இந்த வருஷம் பொறுப்பு. அடுத்த வருஷம் முன்னாள் தலைவராக இருந்து தேர்தலுக்கு ஆள் தேட வேண்டும். மூன்று வருஷமும் சம்பளம் கிடையாது.

முந்தைய தலைவர், கூட்டத்தில் தலைவர் தட்டும் மரச்சுத்தியலையும் ஒரு தடித்த கோப்பையும் தந்தார். கோப்பின் ஓரங்களில் பல வருஷத்துத் தலைவர்களின் பென்சில் எழுத்து. மாநாட்டு ஹோட்டல் ஒப்பந்தப் பக்கத்தில், "அறை எண்ணிக்கையைக் குறைத்தே ஒப்புக்கொள். நிரம்பாவிட்டால் மிச்ச அறைக்கும் நாம்தான் கட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தது. இரவு அந்தக் குறிப்புகளை மட்டும் முழுக்கப் படித்தேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

மாணவர்கள் அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் வழக்கமாக இன்று திறக்கும். இந்த வருஷம் டிசம்பர் என்கிறார்கள்.

நவம்பர் 9, வியாழன்

ஆண்டு மாநாடு. ஒரு மாணவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று கணிக்கும் எண்ணில், பழைய ஈ.எஃப்.சி. போய் எஸ்.ஏ.ஐ. வருவதைப் பற்றிய அமர்வில் உட்கார இடமில்லை. எண் குறையக் குறையத் தேவை அதிகம். புதிய எண் மைனஸ் 1,500 வரை இறங்கலாம் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படித்தாலும் இனி கணக்கில் சலுகை இல்லை, சிறு பண்ணையின் மதிப்பும் சொத்தில் சேரும் என்றபோது அறை அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் ஒருவர், தன் அலுவலகத்தில் தான் ஒருவர்தான் என்றும், இந்தச் செய்தியைக் குடும்பங்களிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டார். சங்கம் எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால் அவரைத்தான் காட்டுவேன். இடைவேளையில் நான்கு பேர் அவரிடம் தொலைபேசி எண் கொடுத்தார்கள்.

டிசம்பர் 31, ஞாயிறு

நேற்று படிவம் திறந்தது, கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டது. மறுபடி திறக்கும், மறுபடி மூடும். புது வருஷம் இப்படித்தான் பிறக்கிறது.

2024 ஜனவரி 30, செவ்வாய்

மாணவர்களின் விவரங்கள் கல்லூரிகளுக்கு மார்ச்சில்தான் வருமாம். உதவிக் கடிதம் அனுப்ப வேண்டிய மாதம் அது! குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவும் பிப்ரவரி முகாமைத் தள்ளிவைக்கலாம் என்று செயற்குழுவில் நான்தான் சொன்னேன். பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "படிவம் சரியில்லாதபோதுதான் நாம் வேண்டும்" என்றார். சரி, நடத்துவோம்.

பிப்ரவரி 17, சனி

முகாம். ஒரு தாயும் மகளும் முதலாவதாக வந்தார்கள். மகளின் பகுதி சீக்கிரம் முடிந்துவிட்டது. தாய்க்கு அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாததால் அவர் பகுதியில் திரை நகரவே இல்லை. ஐந்து தடவை முயன்றோம். ஒவ்வொரு தடவையும் அவர் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்துச் சரிபார்த்தார், தப்பு தன்னுடையது என்பதுபோல. இல்லை அம்மா, படிவத்தில்தான் கோளாறு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, சரியானதும் கூப்பிடுகிறேன் என்றேன். இப்படி மொத்தம் பதினொரு எண்கள்.

மார்ச் 20, புதன்

கோளாறு சரியாகியிருக்கிறது. பதினொரு பேரையும் அழைத்தேன். ஒன்பது பேர் எடுத்தார்கள். மற்ற இரண்டு பேரை நாளை.

ஏப்ரல் 12, வெள்ளி

அந்தத் தாய் அழைத்தார். மகளுக்கு முழு பெல் மானியம் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவி), 7,395 டாலர். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு தடவை.

மே 1, புதன்

எந்தக் கல்லூரி என்று மாணவர்கள் சொல்ல வேண்டிய வழக்கமான முடிவு நாள். பல கல்லூரிகள் கெடுவைத் தள்ளிவிட்டன. நல்லது.

ஜூன் 28, வெள்ளி

கடைசிச் செயற்குழு. கணக்கு ஏற்கப்பட்டது, பயிற்சிப் பட்டறைத் தேதிகள் முடிவாயின. அப்புறம் கைமாற்றம். சுத்தியலின் பிடி பலர் கைபட்டு ஒரு பக்கம் வழவழத்திருக்கிறது. புதிய தலைவர் வாங்கியதும் அங்கேதான் பெருவிரலை வைத்தார்.

கோப்பைக் கொடுக்குமுன் பிப்ரவரிப் பக்கத்தைத் திறந்து பென்சிலால் எழுதினேன்: "படிவம் தாமதமானாலும் முகாமைத் தள்ளாதே. முடியாதவர்களின் எண்ணை வாங்கிக்கொள். கூப்பிடு."

அவர் படித்துவிட்டு, "அந்த இரண்டு பேரும் எடுத்தார்களா?" என்று கேட்டார்.

ஒருவர் எடுத்தார். இன்னொருவரின் எண்ணை அந்தக் குறிப்பின் கீழேயே எழுதிக் கொடுத்தேன்.