ஒன்பது சிறு கட்டங்கள்

ஜூலை 8

என் கணவரின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 34.

ஜூலை 9

கழுத்துச் சிரை வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயத்துக்குள் இறக்கி, வெளியே ஒரு சிறு பெட்டியோடு இணைத்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பெட்டிதான் அவருடைய இதயத்தைத் துடிக்க வைக்கிறது. மேல் அறைகளில் கிளம்பும் மின்தூண்டல் ஒன்றுகூடக் கீழ் அறைகளுக்கு வந்து சேரவில்லை, இரண்டும் தனித்தனியாகத் துடிக்கின்றன என்று இதய மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். வயது 41, சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. நாளை மறுநாள் நிரந்தர பேஸ்மேக்கர் பொருத்திவிடலாம் என்றார். ஒப்புதல் படிவம் என் கைப்பையில் இருக்கிறது.

இங்கே அமெரிக்காவிலிருந்து கும்பகோணத்துக்குப் போன் செய்து சொன்னேன். 'அடைப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை அழத் தொடங்கிவிட்டார். இது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை அத்தை, மின்சாரம் போகும் பாதையில் தடை என்று நான்கு முறை சொன்னேன். "குணமாகிவிடும் அல்லவா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 10

இன்று காலை வந்த தொற்றுநோய் மருத்துவர் இதயத்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. வீடு எந்தப் பக்கம், பின்னால் மரங்கள் உண்டா, மான்கள் வருமா, கோடையில் தோட்டத்தில் யார் வேலை செய்வார்கள் என்று கேட்டார். கனெக்டிகட் ஆற்றுக்குக் கிழக்கே வீடு, கல் சுவரை ஒட்டிக் கிடந்த பழைய சருகுகளை மே மாதக் கடைசியில் இவர்தான் வாரினார் என்றேன். அதன்பிறகு உடம்பில் எங்காவது சிவப்பாக ஏதும் வந்ததா என்று கேட்டபோது என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

வந்தது. வலது முழங்காலின் பின்புறம், என் உள்ளங்கையைவிடப் பெரிதாக, ஒரே சீரான சிவப்பு. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. படங்களில் காட்டுவதுபோல் வளையத்துக்குள் வளையம் இல்லாததால், ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று நானே சொல்லி நானே விட்டுவிட்டேன். வளையமே இல்லாமல் முழுச் சிவப்பாக வருவதுதான் அதிகம் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ஜூன் நடுவில் காய்ச்சலும் உடல்வலியுமாக நாங்கள் போன சிகிச்சை மையத்தில், கோடையில் சுற்றும் வைரஸ் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒருவராவது அவருடைய கால்சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பார்த்திருக்கலாம். நானாவது வாய்திறந்து சொல்லியிருக்கலாம்.

ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி 2 கிராம், நாளுக்கு ஒரு முறை, சிரை வழியாக. பேஸ்மேக்கர் நிறுத்திவைக்கப்பட்டது. இது உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் என்றால், மருந்து சேரச் சேரத் தடை தானாக விலகும் என்கிறார்.

படிவம் இன்னும் பையில்தான் இருக்கிறது.

ஜூலை 11

கசகசா. அந்த இளம் உண்ணி அவ்வளவுதான் இருக்குமாம். வீட்டில் கசகசா டப்பாவைத் திறந்து ஒன்றை மட்டும் எடுத்துச் சுட்டுவிரல் நுனியில் வைத்து, விளக்கடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலின் மடிப்புக்குள் அது ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும், அருகில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 12

தூக்கமில்லை. 2012 நவம்பருக்கும் 2013 ஜூலைக்கும் இடையில் அமெரிக்காவின் வடகிழக்கில் மூவர் திடீரென இறந்ததையும், காரணம் லைம் தாக்கிய இதயம் என்று பிறகு கண்டறியப்பட்டதையும் இரவு இரண்டு மணிக்குப் படித்தேன். மூவரும் 26 முதல் 38 வயதுக்குள். படித்திருக்கக் கூடாது.

ஜூலை 13

லைமுக்கான ரத்தப் பரிசோதனையின் இரண்டு படிகளிலும் பாசிட்டிவ். நோயின் பெயர் உறுதியானதற்கு இவ்வளவு மகிழ்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட இல்லை. 1975இல் அங்கே குழந்தைகள் முழங்கால் வீங்கிக் கிடந்தபோது, எல்லோருக்கும் மூட்டுவாதம் என்று சொன்னதை ஏற்காமல், குடும்பத்தில் யாருக்கு என்ன தொந்தரவு என்று தானே எழுதிவைத்து, மாநில சுகாதாரத் துறையிடம் போனவர் பாலி மரே என்ற தாய். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து மருத்துவர் ஆலன் ஸ்டீர் வந்து ஆராய்ந்ததும், 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணிக்குள் அந்தச் சுருள் கிருமியைக் கண்டதும் அதற்குப் பிறகுதான். அந்தத் தாயைப் பற்றிப் படித்த பிறகுதான் ஜூன் மாதத்தில் நடந்தவற்றைத் தேதியோடு எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன்.

ஜூலை 14

காலையில் எடுத்த ஈ.சி.ஜி.யில் மேல் அறையின் ஒவ்வொரு அலைக்குப் பிறகும் கீழ் அறையின் அலை வந்தது. தாமதமாக, ஆனால் தவறாமல். செவிலியர் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தார்: ஒரு சிறு கட்டம் 40 மில்லி விநாடி, மேல் அலையின் தொடக்கத்திலிருந்து கீழ் அலையின் தொடக்கம் வரை மூன்றிலிருந்து ஐந்து கட்டம் இருந்தால் இயல்பு. இவருக்கு ஒன்பது. 300 மில்லி விநாடியைத் தாண்டியிருக்கும்வரை மறுபடி முழுத் தடைக்குத் திரும்பும் ஆபத்து உண்டு என்பதால் கம்பியை எடுக்க மாட்டார்கள். ஒன்பது என்றால் 360.

ஜூலை 15

எட்டரை.

ஜூலை 16

எட்டரை. நேற்றும் அதே எட்டரைதான். மருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டதா என்று கேட்டேன், ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றார்கள். அவர் என்னைப் பார்த்து, "நீ எண்ணாதே" என்றார். பிறகு அவர் எங்கள் மகளோடு போனில் பேசும்போது வலதுபக்க உதடு சரியாக அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் முக நரம்பையும் இந்த நோய் தாக்கும். அசைகிறது.

ஜூலை 17

ஏழு!

மாலையில் கம்பியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு சிறிய பஞ்சுக் கட்டு மட்டும் இருக்கிறது.

ஜூலை 20

வீடு. மொத்தம் 21 நாள் மருந்து, மீதி நாட்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 100 மில்லிகிராம், காலையும் இரவும். பாலோடு சேர்த்து விழுங்கக் கூடாது, விழுங்கியதும் படுக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. காபிக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரம் கடிகாரம் பார்த்துக் காத்திருக்கிறார். படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

ஜூலை 27

மாடிப்படி ஏறியதும் உட்கார்ந்துவிடுகிறார். இந்த அசதி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், அதற்காக மருந்தை நீட்டிப்பதால் பயன் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தும் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டதும் ஓடினேன்.

ஆகஸ்ட் 1

மகள் கல் சுவர் பக்கம் விளையாடிவிட்டு வந்தாள். காதுக்குப் பின்னால், அக்குளில், தொப்புளில், முழங்கால் மடிப்பில், தலைமுடிக்குள் வகிடு வகிடாகப் பார்த்தேன். அசையாமல் நின்றவள், "அப்பாவுக்கும் பாரும்மா" என்றாள். பார்த்தேன்.

ஆகஸ்ட் 2

நாளை காலை ஏழரைக்கு டிரெட்மில் சோதனை. துடிப்பு ஏறும்போது கட்டங்கள் விரியாமல் இருக்க வேண்டும். இன்றைய தாளில் ஐந்து.